நேரில் போவதா, நகல் வரவழைப்பதா: பல்கலைக்கழக நூலக ஆவணங்களைப் பார்க்க ஐந்து வழிகள்

ஆய்வுக்கு வேண்டிய கடிதங்களோ குறிப்பேடுகளோ துறைக் கோப்புகளோ எங்கோ ஒரு பல்கலைக்கழக நூலகத்தில் இருக்கின்றன என்பது தெரிந்துவிட்டது. அதற்குப் பிறகுதான் பலரும் தேங்கி நிற்கிறார்கள். நேரில் போவதா, ஸ்கேன் கேட்டு எழுதுவதா, இணையத்தில் ஏற்றியிருப்பதே போதுமா, மைக்ரோஃபிலிம் (பக்கங்களைச் சிறிதாக்கிப் படமெடுத்த ஃபிலிம் சுருள்) இருக்கிறதா என்று விசாரிப்பதா, அந்த ஊரிலேயே ஒருவரை அமர்த்திக்கொள்வதா?

எது மலிவு, எது வேகம் என்று பார்ப்பதற்கு முன் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். உங்களுக்கு வேண்டியது எந்தப் பெட்டியில், எந்தக் கோப்பில் இருக்கிறது என்று தெரியுமா? தெரியும் என்றால் நகல் வரவழைப்பதுதான் பெரும்பாலும் சரி. தெரியாது, துழாவித்தான் கண்டுபிடிக்க வேண்டும் என்றால் யாராவது ஒருவர் பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்தே ஆக வேண்டும். அது நீங்களா, வேறொருவரா என்பது மட்டுமே மிச்சம். கட்டணம், விடுப்பு, பயணம் எல்லாம் அதற்கடுத்த கணக்கு.

## எதையும் முடிவு செய்யுமுன்: விவரப்பட்டியல்

நூலகத்தின் பொது கேட்லாக்கில் ஒரு சேகரத்துக்குப் பெரும்பாலும் ஒரே ஒரு பதிவுதான் இருக்கும்: யாருடைய தாள்கள், எந்த ஆண்டு முதல் எந்த ஆண்டு வரை, அலமாரியில் மொத்தம் எத்தனை மீட்டர் நீளம். நாற்பது பெட்டி இருந்தாலும் அந்த ஒரே பதிவுக்குள் அடக்கம். பெட்டிவாரியான, கோப்புவாரியான தகவல் தனியே ஒரு விவரப்பட்டியலில் இருக்கும். சில நூலகங்களில் அதற்கென்று தனித் தேடுதளம் உண்டு. சிலவற்றில் அது ஒரு பிடிஎஃப். இன்னும் சிலவற்றில் வாசிப்பறை அலமாரியில் கிடக்கும் தட்டச்சுத் தாள்கள் மட்டுமே. எனவே பொது கேட்லாக்கில் தேடிவிட்டு 'இங்கே இல்லை' என்று திரும்பிவிடக் கூடாது. பல நூலகங்களின் சேகரங்களை ஒருசேரத் தேட ஆர்க்கைவ்கிரிட் என்ற இணையத் தேடுதளம் உதவும். பிரிட்டனுக்கு ஆர்க்கைவ்ஸ் ஹப், ஐரோப்பிய நாடுகளுக்கு ஆர்க்கைவ்ஸ் போர்ட்டல் யூரோப் இருக்கின்றன.

தேடுகிற முறையையும் மாற்றிக்கொள்ள வேண்டும். நூல்கள் பொருள்வாரியாக அடுக்கப்படுகின்றன. ஆவணங்களோ, அவற்றை உருவாக்கியவர் அல்லது சேர்த்து வைத்தவர் பெயரில், இயன்றவரை அவர் வைத்திருந்த வரிசையிலேயே காக்கப்படுகின்றன. ஒவ்வொரு கடிதத்துக்கும் தனி விவரம் எழுதப்படுவது அபூர்வம். கோப்பின் தலைப்பு மட்டும் இருக்கும். 'காலரா' என்று தேடினால் ஒன்றும் வராது. ஆனால் ஒரு சுகாதாரக் குழுவின் செயலாளர் விட்டுச்சென்ற 'கடிதங்கள், பொது, 1911–1914' என்ற கோப்புக்குள் காலரா பற்றி ஐம்பது கடிதங்கள் இருக்கலாம். ஆகவே பொருளைத் தேடாமல் ஆளைத் தேடுங்கள்: இந்தச் செய்தியை அன்று யார், எந்தப் பொறுப்பில் இருந்துகொண்டு எழுதியிருப்பார்? அந்தப் பெயர், பதவி, துறை, குழு ஆகியவைதான் தேடுசொற்கள். இன்னொன்று, ஒருவர் எழுதி அனுப்பிய கடிதங்கள் அவருடைய தாள்களில் இருப்பதில்லை. பெற்றவருடைய தாள்களில்தான் இருக்கும். கார்பன் நகலோ நகல் பேரேடோ வைத்திருந்தவர்கள் மட்டுமே விதிவிலக்கு.

பட்டியல் கைக்கு வந்ததும் நேரே பெட்டி எண்களுக்குத் தாவிவிடாமல் முன்பகுதியைப் படியுங்கள். எந்த வழி ஒத்துவரும் என்பதைத் தீர்மானிக்கும் தகவல்கள் அங்கேதான் இருக்கின்றன.

- அளவு. வழக்கமான ஆவணப் பெட்டியின் அகலம் சுமார் 12.7 செ.மீ.; ஒரு மீட்டருக்கு ஏறக்குறைய எட்டுப் பெட்டி. தாள் ஒன்றின் தடிமன் 0.1 மி.மீ. என்று கொண்டால், நிறைந்த பெட்டியில் ஆயிரம் தாள்வரை இருக்கலாம்.
- அணுகல் கட்டுப்பாடு. நன்கொடையாளர் வைத்த நிபந்தனை, பணியாளர், மாணவர், மருத்துவத் தகவல் உள்ள கோப்புகள், திறக்கும் ஆண்டு.
- இருப்பிடம். வளாகத்துக்கு வெளியே உள்ள கிடங்கு என்றால், பெட்டி வந்து சேரச் சில வேலைநாட்கள் பிடிக்கும்.
- மாற்று வடிவம். மைக்ரோஃபிலிமோ மின்னாக்கமோ (ஸ்கேன் செய்த பிரதி) இருந்தால் பெரும்பாலும் அங்கே குறித்திருப்பார்கள். நகல் இருக்கிறது என்பதாலேயே மூலத்தைத் தர மறுக்கும் நூலகங்களும் உண்டு.
- ஒழுங்கின் அளவு. 2005இல் அமெரிக்க ஆவணக் காப்பாளர்கள் மார்க் கிரீன், டென்னிஸ் மெய்ஸ்னர் இருவரும் ஒரு யோசனையை முன்வைத்தார்கள்: தேங்கிக் கிடக்கும் சேகரங்களை நுணுகி அடுக்கிக்கொண்டிராமல் விரைவாகத் திறந்துவிடலாம். பல நூலகங்கள் அதை ஏற்றன. ஆய்வாளருக்குப் பெட்டிகள் சீக்கிரம் கிடைத்தன, ஆனால் பட்டியல்கள் மெலிந்தன. 'பெட்டி 14: பலவகை' என்று மட்டும் இருந்தால் ஸ்கேன் கோரிக்கை அனுப்புவது வீண்.

## எதைக் கொண்டு எடைபோடுவது

அளவுகோல்கள் ஐந்து. துழாவல்: தேடியது எங்கே என்று தெரியாத நிலையில் அந்த வழி உதவுமா? முழுமை: கோப்பில் உள்ளதெல்லாம் கண்ணில் படுமா? தாளே சான்றாகுமா: மையின் நிறம், நீர்க்குறி, பின்பக்கக் கிறுக்கல், ஊசித்துளை இவற்றிலிருந்து எதையாவது நிறுவப்போகிறீர்களா? காலம்: கெடுவுக்குள் கைக்கு வருமா? செலவு: கட்டணம் மட்டுமல்ல, பிறகு அதற்காகும் உழைப்பும்.

பதிப்புரிமையை ஆறாவதாகச் சேர்க்கலாமே என்று தோன்றும். வெளியிடும் உரிமை ஐந்து வழிக்கும் ஒன்றுதான் என்பதால் வழியைத் தேர்வதில் அதற்குப் பெரிய பங்கில்லை. கடிதத் தாளின் உடைமை நூலகத்துடையது; அதன் வாசகத்தின் உரிமை பெற்றவருக்கோ நூலகத்துக்கோ அல்ல, எழுதியவருக்கு, பிறகு அவர் வாரிசுகளுக்கு. எழுதியவர் இறந்து 50, 60, 70 ஆண்டுகள் என்று காலவரம்பு நாட்டுக்கு நாடு மாறும். வாசிப்பறையில் படம் எடுக்கக் கிடைத்த அனுமதி, அதை அச்சிடும் அனுமதி ஆகாது.

| | நேரில் | இணையத்தில் உள்ளது | ஸ்கேன் கோரிக்கை | மைக்ரோஃபிலிம் | அமர்த்திய ஆய்வாளர் |
|---|---|---|---|---|---|
| துழாவல் | மிக நன்று | ஏற்றியதற்குள் மட்டும் | முடியாது | சுருளுக்குள் முடியும் | ஓரளவு |
| முழுமை | முழுவதும் | தேர்ந்தெடுத்த பகுதி | கேட்டது மட்டும் | படமெடுத்த நாளில் இருந்தது | சொன்னதைப் பொறுத்து |
| தாளே சான்று | ஆம் | நிறம்வரை | நிறம்வரை | இல்லை | விவரித்துச் சொல்லலாம் |
| காத்திருப்பு | முன்பதிவு, பயணம் | இல்லை | சில வாரம் | இரவல் வரும்வரை | ஆள் கிடைக்கும்வரை |
| கண்ணில் படாத செலவு | தங்கும் நாட்கள், படங்களை அடுக்கும் வேலை | விடுபட்டதை அறியாமை | பின்பக்கம் வராதது, மறுகோரிக்கை | கருவி, கண் சோர்வு | விளக்கக் குறிப்பு எழுதும் நேரம் |

## நேரில் போவது

இதன் பலம் நீங்கள் கேட்ட கோப்பில் இல்லை. அதற்குப் பக்கத்துக் கோப்பில் இருக்கிறது. ஆவணங்கள் பழைய வரிசையிலேயே காக்கப்படுவதால், ஒரு சர்ச்சை பற்றிய கடிதம் 'சர்ச்சை' கோப்பில் இல்லாமல் அதே மாதத்துப் பயணச் செலவுக் கோப்பில் ஒட்டிக்கொண்டிருக்கும். பட்டியலைப் படித்து இதை யாராலும் ஊகிக்க முடியாது. பெட்டியைப் புரட்டும்போது மட்டுமே அகப்படும். உறையின் அஞ்சல் முத்திரை, வேறு மையில் பின்னால் சேர்த்த வரி, அழித்தெழுதிய பென்சில் தடம் ஆகியவையும் அப்படித்தான்.

ஏற்பாடு மூன்று நான்கு வாரம் முன்பே தொடங்க வேண்டும். பதிவு செய்துகொள்ளுங்கள். படத்துடன் கூடிய அடையாள அட்டை அவசியம். சில இடங்களில் அறிமுகக் கடிதமும் கேட்பார்கள். பெட்டி எண்களைக் குறித்து முன்கூட்டியே கோரிக்கை அனுப்பி, அவை வாசிப்பறைக்கு வந்துவிட்டன என்று உறுதிப்படுத்திய பிறகே பயணச் சீட்டு எடுப்பது நல்லது. பெட்டி கண்காட்சியில் இருக்கிறது, பழுதுபார்க்கப் போயிருக்கிறது, மின்னாக்க வரிசையில் நிற்கிறது என்ற பதில் வாசலில் கிடைத்தால் அந்தப் பயணமே வீண். பல வாசிப்பறைகள் வார இறுதியில் திறப்பதில்லை. மதியம் ஒரு மணி நேரம் பெட்டி எடுத்துத் தராத இடங்களும் உண்டு.

உள்ளே பை, பேனா, தண்ணீர் புட்டி கூடாது. பென்சில், மடிக்கணினி, ஃபிளாஷ் இல்லாத கேமரா போதும். ஒரு நேரத்தில் ஒரு பெட்டி, பெட்டியிலிருந்து ஒரு கோப்பு. எடுத்த இடத்தில் இடங்குறிக்கும் அட்டை ஒன்றை வையுங்கள். தாள்கள் வரிசை மாறிக் கிடந்தால் நீங்களே அடுக்கிவிடாதீர்கள், பணியாளரிடம் சொல்லுங்கள். அந்த 'மாறிய' வரிசையே மூல வரிசையாக இருக்கக்கூடும். பருத்திக் கையுறை போட்டால்தான் ஆவணத்தைத் தொடலாம் என்பது திரைப்படங்கள் பரப்பிய பழக்கம். தாளுக்கு, கழுவி உலர்ந்த வெறுங்கையே மேல். துணி தாளின் விளிம்பில் மாட்டிக் கிழிக்கும், விரலின் உணர்வும் மழுங்கும். நிழற்படங்களுக்கும் நெகட்டிவ்களுக்கும் மட்டும் நைட்ரைல் கையுறை கேட்பார்கள்.

நாள் கணக்கைப் போட்டுப் பாருங்கள். கட்டப்படாத தனித்தாள் ஒன்றைப் புரட்டி, நேராக்கி, படமெடுக்க 15 வினாடி என்றால் மணிக்கு 240. நிறைந்த ஒரு பெட்டிக்கு நான்கு மணி நேரத்துக்கு மேல். வாசிப்பறை ஆறு மணி நேரம் திறந்திருந்தால், பெட்டிக்காகக் காத்திருக்கும் நேரத்தையும் கழித்துவிட்டு, ஒரு நாளைக்கு ஒன்றே கால் பெட்டிதான் தேறும். படமெடுக்காமல் வாசித்தால் இன்னும் மெதுவு: கடினமான கையெழுத்துக் கடிதத்துக்கு ஐந்து நிமிடம் என்றால் மணிக்குப் பன்னிரண்டு. பத்துப் பெட்டியை மூன்று நாளில் முடிக்கிறேன் என்பது நடக்காத காரியம். முதல் நாள் பெட்டிகளை வேகமாகப் புரட்டிக் கோப்புகளைத் தரம்பிரிப்பது, மறுநாளிலிருந்து தேறியவற்றை மட்டும் படமெடுப்பது என்று பிரித்துக்கொண்டால் சமாளிக்கலாம்.

படமெடுப்பதில் சிரமம் கேமராவில் இல்லை, பெயரிடுவதில். ஒவ்வொரு கோப்பைத் திறக்கும்போதும் பெட்டி முகப்பையும் கோப்புத் தலைப்பையும் முதல் படமாக எடுங்கள். அதைவிட நல்லது, சேகர எண், பெட்டி, கோப்பு மூன்றையும் பென்சிலில் எழுதிய துண்டுச் சீட்டு ஒன்றை ஒவ்வொரு படத்திலும் தாளின் ஓரத்தில் தெரியும்படி வைப்பது. இருபது படத்துக்கு ஒருமுறை பெரிதாக்கிக் குவியம் சரியா என்று பாருங்கள். பின்பக்கம் வெறுமையாக இருந்தாலும் ஒரு படம் எடுத்துவிட்டால், 'பின்னால் ஏதாவது இருந்ததா' என்ற சந்தேகம் பிறகு வராது. அன்றிரவே கணினிக்கு மாற்றி, சேகர எண், பெட்டி, கோப்பு என்ற வரிசையில் பெயரிட்டு, இன்னொரு பிரதியையும் வேறிடத்தில் வைத்துவிட வேண்டும். ஊர் திரும்பிய பிறகு பெயரில்லாத மூவாயிரம் படங்களை அடையாளம் காண்பது, அந்தப் பயணத்தைவிட நீண்ட வேலை. எண் தெரியாத படத்தை அடிக்குறிப்பில் மேற்கோள் காட்டவும் முடியாது.

இந்த வழி யாருக்கு? பட்டியல் மெலிந்திருக்கும் சேகரம், பத்துப் பதினைந்து கோப்புகளுக்கு மேல் தேவை, தாளே சான்று, ஆய்வுக் கேள்வியே இன்னும் உருவாகிக்கொண்டிருக்கிறது என்பவர்களுக்கு. செலவு தடை என்றால் அந்த நூலகமே பயண உதவித்தொகை தருகிறதா என்று பாருங்கள். பல பல்கலைக்கழக நூலகங்கள் தங்கள் சேகரங்களைப் பயன்படுத்த வருவோருக்கென்று சிறு நிதி வைத்திருக்கின்றன. விண்ணப்பக் கெடு பல மாதம் முன்பே முடிந்துவிடும் என்பதையும் கவனியுங்கள்.

## இணையத்தில் ஏற்றப்பட்டதை வைத்தே முடிப்பது

காத்திருப்பும் கட்டணமும் இல்லை. உயர்தரமாக மின்னாக்கிய பக்கத்தை வாசிப்பறையில் கண்ணால் பார்ப்பதைவிடப் பெரிதாக்கிப் பார்க்கலாம். ஐஐஐஎஃப் (நூலகங்கள் படங்களைப் பகிர்வதற்கான பொதுத் தரமுறை) முறையில் படங்களைத் தரும் நூலகங்களாக இருந்தால், இரண்டு வெவ்வேறு நூலகங்களின் பக்கங்களை ஒரே திரையில் அருகருகே வைத்து ஒப்பிடலாம். பெட்டிக்கு முன் உட்கார்ந்திருப்பவருக்கு இது வாய்க்காது.

ஆபத்து, ஏற்றப்படாதவற்றில் இருக்கிறது. மின்னாக்கத்துக்கு எதைத் தேர்வார்கள் என்பதில் ஒரு சாய்வு உண்டு: பெயர் பெற்றவர்கள், படங்கள், வரைபடங்கள், உரிமைக் காலம் முடிந்தவை. கணக்குப் பேரேடுகளும் நடுத்தர அதிகாரிகளின் கடிதங்களும் அண்மைக்கால ஆவணங்களும் பின்தங்கிவிடும். இதை மட்டும் வைத்து 'அக்காலத்தில் இதைப் பற்றி யாரும் எழுதவில்லை' என்று எழுதிவிட்டால், அது காலத்தைப் பற்றிய முடிவு அல்ல, ஸ்கேனரைப் பற்றிய முடிவு. தளத்தில் உள்ள படங்கள் மொத்தச் சேகரத்தில் எத்தனை பெட்டிக்குச் சமம் என்று விவரப்பட்டியலோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட வேண்டும்.

இரண்டாவது சிக்கல் தேடுபெட்டி. அச்செழுத்தை எந்திரம் ஓரளவு சரியாகப் படிக்கும். கையெழுத்தைப் படிக்கவென்றே உள்ள டிரான்ஸ்கிரிபஸ் போன்ற கருவிகளும், அந்த வகைக் கையெழுத்தில் பழக்கப்பட்டிருந்தால்தான் உருப்படியாகப் படிக்கும். தமிழ் ஆவணங்களில் கஷ்டம் இரட்டிப்பு. 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய அச்சில் ணை, லை, னை ஆகியவற்றின் வடிவமே வேறு. கையெழுத்தில் புள்ளி விட்டுப்போவதும், ரகரமும் துணைக்காலும் ஒன்றுபோல் இருப்பதும் சாதாரணம். தேடலில் பூஜ்யம் வந்தால் அதற்குப் பொருள் 'எந்திரம் படிக்கவில்லை' என்பதாகவும் இருக்கலாம். பக்கம் பக்கமாகப் புரட்டித்தான் உறுதி செய்ய முடியும்.

மூன்றாவது, தேடலில் வரும் கடிதம் தனியாக நிற்கும். அதன் இணைப்பு, அதற்கு வந்த பதில், அது எந்தக் கோப்பில் இருந்தது என்பதெல்லாம் திரையில் உடனே தெரியாது. 'இது எந்தச் சேகரத்தின் பகுதி' என்ற சுட்டியைத் தொட்டு மேலே ஏறி, முன்னும் பின்னும் உள்ளவற்றைப் பாருங்கள். குறித்து வைக்கும்போது உலாவியின் முகவரிப் பட்டையில் இருப்பதை எடுக்காமல், தளம் தரும் நிலையான சுட்டியோடு சேகர எண், பெட்டி, கோப்பு எண்களையும் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள். தளம் மாறும்போது முதலில் அறுபடுவது சுட்டிதான்.

ஒரு குறிப்பிட்ட ஆவணத்தைச் சரிபார்க்க, பாடம் நடத்த, பயணத்துக்கு முன் கையெழுத்தைப் பழகிக்கொள்ள இதைவிட நல்ல வழி இல்லை.

## ஸ்கேன் கோரிக்கை அனுப்புவது

கோப்பு எண் தெரிந்தவருக்கு இதுவே முதல் தேர்வு. மூன்று நான்கு கோப்புக்காகப் பயணம் போவது பணத்தைக் கொட்டுவது. அதே சமயம், இந்த வழியில் வரும் ஏமாற்றங்களில் பெரும்பாலானவை கோரிக்கையை எழுதிய விதத்தால் வருபவை. 'இன்னாரின் கடிதங்கள் அனைத்தும் வேண்டும்' என்று எழுதினால், கேள்வியே பதிலாகத் திரும்பி வரும். இப்படி எழுதினால் வேலை நடக்கும்:

> சேகர எண் (பட்டியலில் உள்ளபடி), பெட்டி 12, கோப்பு 7. 1923 மார்ச் முதல் ஆகஸ்ட் வரையிலான கடிதங்கள். தாளின் இரு பக்கமும், உறைகளும், இணைப்புகளும் சேர்த்து, கோப்பில் உள்ள வரிசையிலேயே. வாசிப்பதற்கான வண்ண பிடிஎஃப் போதும். வேலை தொடங்குமுன் பக்க எண்ணிக்கையையும் மதிப்பீட்டையும் தெரிவிக்க வேண்டுகிறேன்.

'இரு பக்கமும்' என்று சொல்லாவிட்டால் எழுத்து உள்ள முன்பக்கம் மட்டும் வரக்கூடும். 'உறைகளும்' என்று சொல்லாவிட்டால் தேதியிடாத கடிதத்தின் தேதியைச் சொல்லக்கூடிய அஞ்சல் முத்திரை வராது. மதிப்பீடு கேட்காவிட்டால், ஒல்லியான கோப்பு என்று நினைத்தது முந்நூறு பக்கமாக வந்து நிற்கும். சில நூலகங்கள் பக்கத்துக்கு இவ்வளவு என்றும், சில பணியாளர் நேரத்துக்கு இவ்வளவு என்றும் வசூலிக்கின்றன. பக்கம் கொஞ்சமாக இருந்தாலும் சிதறிக் கிடந்தால் இரண்டாம் முறையில் தொகை ஏறும்.

தரத்தைக் கேட்கும்போது அதிகம் கேட்பதும் தவறு. ஏ4 தாளை 400 பிபிஐ (அங்குலத்துக்கு 400 படப்புள்ளி) அளவில், 24 பிட் வண்ணத்தில், சுருக்காத டிஃப் படமாக எடுத்தால் ஒரு பக்கம் சுமார் 46 எம்பி. முந்நூறு பக்கம் 14 ஜிபியை நெருங்கும். படிக்க அது வேண்டாம். நூலில் அச்சிடப்போகும் இரண்டு மூன்று பக்கத்துக்கு மட்டும் பிறகு டிஃப் கேளுங்கள்; வெளியீட்டு அனுமதியும் அப்போது தனியாகக் கேட்க வேண்டியிருக்கும். பதிவிறக்கச் சுட்டிக்கு வழக்கமாகக் காலவரம்பு உண்டு, வந்த அன்றே இறக்கிவிடுவது நல்லது.

மறுப்பு வரக்கூடிய இடங்களையும் தெரிந்துகொள்ளுங்கள். இறுகக் கட்டிய பேரேட்டை முழுதாக விரித்தால் முதுகு உடையும் என்பதால் ஸ்கேன் செய்ய மாட்டார்கள். நொறுங்கும் தாள் முதலில் பாதுகாப்புப் பிரிவின் பார்வைக்குப் போகும், அங்கே வாரக்கணக்கில் நிற்கும். உரிமைக் காலம் முடியாதவற்றில் ஒரு பகுதிக்கு மேல் நகல் தர அந்நாட்டுச் சட்டம் தடுக்கலாம். கோரிக்கை அனுப்புமுன் ஆவணக் காப்பாளருக்கு ஒரு சிறு கேள்வி எழுதுவதில் தவறில்லை: 'இந்தக் கோப்பில் இன்ன பெயருள்ள கடிதம் இருக்கிறதா?' அரை மணி நேரத்துக்குள் பார்த்துச் சொல்லக்கூடிய கேள்வி என்றால் பல நூலகங்கள் கட்டணமின்றிப் பார்த்துச் சொல்கின்றன. இந்த வசதியைப் பயன்படுத்தாமலேயே பலர் பணம் கட்டிவிடுகிறார்கள்.

## மைக்ரோஃபிலிம்

பழையது என்று ஒதுக்கப்படும் இந்த வழிக்கு மற்ற எதற்கும் இல்லாத இரண்டு வசதிகள் உண்டு. மூல ஆவணத்தை நூலகங்கள் இரவல் தருவதில்லை. ஃபிலிம் சுருளைப் பெரும்பாலும் தருகின்றன. உங்கள் ஊர்ப் பல்கலைக்கழக நூலகத்தின் வழியாக இரவல் கேட்கலாம். இரண்டாவது, படமெடுத்த பிறகு மூலம் நனைந்தோ நொறுங்கியோ போயிருந்தால், ஃபிலிமில் இருப்பது இன்றைய மூலத்தைவிட அதிகம். நாளிதழ்களில் இது அடிக்கடி நேர்கிறது.

வழக்கமான சுருள் 35 மி.மீ. அல்லது 16 மி.மீ. அகலம், சுமார் 30 மீட்டர் நீளம். கறுப்பு வெள்ளை, அதிலும் கறுப்புக்கும் வெள்ளைக்கும் உள்ள வேறுபாட்டைக் கூட்டியது. எனவே சிவப்பு மையும் நீல மையும் ஒன்றாகிவிடும், மங்கிய பென்சில் மறைந்தே போகும். வரைவில் யார் எதைத் திருத்தினார் என்று மையை வைத்துப் பிரிக்கப்போகிறவர்கள் ஃபிலிமை நம்பக் கூடாது. படமெடுத்தவர் இரண்டு பக்கங்களைத் தவறிப் புரட்டியிருந்தால் அவை ஃபிலிமில் இல்லவே இல்லை. சுருளின் தொடக்கத்தில் உள்ள அறிவிப்புப் பலகைகளில் விடுபட்ட பக்கங்கள் குறிக்கப்பட்டிருக்கும், அதை ஓட்டித் தாண்டிவிடாதீர்கள். டப்பாவைத் திறந்ததும் புளித்த வினிகர் நெடி அடித்தால் அது சிதையத் தொடங்கிய அசிடேட் ஃபிலிம். கருவியில் ஏற்றாமல் நூலகரிடம் கொடுத்துவிடுங்கள்.

ஸ்கேனர் இணைந்த வாசிப்புக் கருவி அருகில் இருந்தால்தான் இதெல்லாம் லாபம். பழைய திரைக் கருவி மட்டும் என்றால் அரை நாளுக்கு மேல் கண் தாங்காது. நீண்ட தொடர்களைத் தேதிவாரியாக ஓட்டிப் பார்க்க வேண்டியவர்களுக்கு இது ஏற்றது.

## ஒருவரை அமர்த்துவது

பல நூலகங்கள் தனியார் ஆய்வாளர்களின் பட்டியலைக் கேட்டால் தரும்; அவர்களுக்குப் பொறுப்பேற்காது. மணிக் கணக்கில் ஊதியம் என்பதால் முதலில் நான்கு மணி நேரத்துக்கு மட்டும் ஒப்புக்கொண்டு, வேலையைப் பார்த்து நீட்டிப்பது நல்லது.

உங்களுக்குத் தெரிந்ததில் பத்தில் ஒரு பங்குதான் அவருக்குத் தெரியும் என்பதே இதன் பலவீனம். ஓரமாக வந்துபோகும் ஒரு பெயரைக் கண்டு நீங்கள் துள்ளுவீர்கள், அவர் அடுத்த தாளுக்குப் போய்விடுவார். அதனால் தேட வேண்டிய பெயர்கள், அவற்றின் வேறு எழுத்துக்கூட்டல்கள், பட்டப்பெயர்கள், ஆண்டுகள், மாதிரிக் கையெழுத்து இவற்றோடு இரண்டு பக்கக் குறிப்பு கொடுங்கள். கண்டதை மட்டுமல்ல, 'பெட்டி 9, கோப்பு 3: முழுதும் பார்த்தேன், இல்லை' என்பதையும் எழுதித்தரச் சொல்லுங்கள். அந்தக் குறிப்பு இல்லாவிட்டால் இரண்டு வருடம் கழித்து அதே கோப்புக்கு இன்னொருமுறை பணம் கட்டுவீர்கள். வாசிப்பறையில் எடுத்த படங்கள் எடுத்தவரின் சொந்த ஆய்வுக்கு மட்டும் என்று சில நூலகங்கள் கையெழுத்து வாங்குகின்றன. உங்கள் சார்பில் எடுக்கலாமா என்று முன்பே எழுதிக் கேட்டுவிட வேண்டும்.

இருபது முப்பது கோப்பு புரட்டப்பட வேண்டும், பயணம் சாத்தியமில்லை, தேடுவது வரையறுத்துச் சொல்லக்கூடியது என்ற மூன்றும் சேரும்போது இது நேரில் போவதைவிட மலிவு. அந்த மொழியோ எழுத்தோ உங்களுக்குப் படிக்க வராது என்றாலும் இதுதான் வழி.

## கலந்து செய்வது

அனுபவமுள்ளவர்கள் பெரும்பாலும் ஒன்றோடு நிற்பதில்லை. இணையத்தில் உள்ளதைப் பார்த்துக் கையெழுத்தும் பெயர்களும் பழகிய பிறகு, நம்பிக்கையான இரண்டு கோப்புகளை மட்டும் ஸ்கேன் கேட்கிறார்கள். அவை வெறுமையாக வந்தால் பயணச் செலவு மிச்சம். நிறைவாக வந்தால் பயண உதவித்தொகை விண்ணப்பத்துக்கு அதுவே சான்று. நேரில் போய்வந்த பிறகு விடுபட்டுப்போன ஐந்தாறு தாளுக்கு மறுபடி ஸ்கேன் கோரிக்கை. கோப்பு எண் இப்போது கையில் இருப்பதால் அது சுலபமாக முடிந்துவிடும். முதுகலை ஆய்வேட்டுக்குக் கெடு மூன்று மாதம்தான் என்றால் பயணத்தை விட்டுவிட்டு, பட்டியல் நன்றாக எழுதப்பட்ட, பகுதியேனும் மின்னாக்கம் ஆன சேகரத்தைச் சுற்றிக் கேள்வியை அமைத்துக்கொள்வது புத்திசாலித்தனம். முனைவர் பட்டத்துக்கு அப்படிச் சுருக்குவது நியாயமாகாது.

## எந்த வழியும் திறக்காத கோப்புகள்

சில கோப்புகளுக்கு மேற்சொன்ன ஐந்தும் பயன்படாது. கட்டுப்பாடு உள்ள கோப்பு என்றால், காரணம் என்ன, எந்த ஆண்டு திறக்கும், மறுபரிசீலனைக்கு விண்ணப்பிக்க முடியுமா என்று மூன்றையும் சேர்த்தே கேளுங்கள். பணியாளர் கோப்பில் தனிநபர் தகவலை மறைத்து மீதியைத் தர இயலும் இடங்கள் உண்டு. மூடிய கோப்பு ஒரு குழுக் கூட்டத்தைப் பற்றியது என்றால், அதன் நடவடிக்கைக் குறிப்பு வேறு உறுப்பினர் ஒருவரின் தாள்களில், வேறொரு நூலகத்தில், கட்டுப்பாடின்றிக் கிடக்கவும் வாய்ப்புண்டு. குழுவில் இருந்த எல்லோருடைய பெயரையும் ஆர்க்கைவ்கிரிட்டில் தேடிப் பாருங்கள். பழைய ஒலிநாடா, நெகிழ்வட்டு போன்றவற்றுக்கு நூலகத்திடமே ஓட்டும் கருவி இல்லாமல் இருக்கலாம். பயன்பாட்டுப் பிரதி தயாராகும்வரை நேரில் போனாலும் பெட்டியைத்தான் பார்க்க முடியும். அவற்றுக்குக் கோரிக்கையை மற்ற எல்லாவற்றுக்கும் முன்னதாகவே அனுப்பிவிடுங்கள்.